மௌனப் பட இயக்குநர்கள்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் தாண்டி தெற்கே நடந்தால் தாதர் கிழக்கில் தாதாசாஹேப் பால்கே ரோடு வரும். நம்மவர்கள் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற ரோடுதான். பழைய பம்பாய் சினிமாவின் பாதி அந்தச் சுற்றுவட்டாரத்தில் உருவானது. சினிமா சரித்திரத்தில் ஆர்வமுள்ள நண்பர்களை அந்தப் பக்கம் கூட்டிப்போவது என் வழக்கம். மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

மௌனப் பட காலம் எது முதல் எது வரை?

படம் காட்டுவது 1896 ஜூலை 7-ல் தொடங்கிவிட்டது. காலா கோடா பக்கத்திலிருந்த வாட்சன் ஓட்டலில் லூமியேர் சகோதரர்களின் துண்டுப் படங்களைத் திரையிட்டார்கள். ஆனால் இயக்குநர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்டி, முழுக் கதைப் படம் என்று சொல்ல வேண்டுமானால் 1913-தான், பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்த வருடம். முடிவு 1931 மார்ச் 14, மெஜஸ்டிக் தியேட்டரில் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' வெளியான நாள் என்பார்கள். அது தேதிக்குச் சரி, நடப்புக்குச் சரியில்லை. பேசும் படம் வந்த மறுநாளே ஊமைப் படத்தை யாரும் மூட்டை கட்டிவிடவில்லை. 1932-ல் ஜே.பி.எச். வாடியா 'தூஃபான் மெயில்' படத்தை ஊமைப் படமாகத்தான் எடுத்தார். நாகர்கோவில் சுந்தர் ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' 1933-ல் வந்தது.

அப்போது இயக்குநருக்கு என்ன வேலை?

எல்லா வேலையும்தான். பால்கேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1870-ல் திரியம்பகத்தில் பிறந்தவர். ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தார். கோத்ராவில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார், தொல்லியல் துறையில் வேலை பார்த்தார், லோனாவாலாவில் ரவி வர்மா படங்களை அச்சிடும் தொழிலில் இருந்தார், சொந்தமாக அச்சகம் நடத்திக் கூட்டாளிகளோடு ஒத்துவராமல் விட்டார். கிர்காமில் ஏசுநாதர் படம் ஒன்றைப் பார்த்த பிறகு, நம் கிருஷ்ணனும் ராமனும் இப்படித் திரையில் வரக்கூடாதா என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்து 1912-ல் லண்டன் போய் வில்லியம்சன் கேமராவோடு திரும்பினார். பணம் போடுபவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே. அதற்காக ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாவதைப் படமெடுத்துக் காட்டினார்.

'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது கதை, இயக்கம், செட், ஒப்பனை, பிலிம் கழுவுவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவர் தலையில். கேமரா பிடிக்க நண்பர் திரியம்பக் தெலங்குக்கு அவரே கற்றுக்கொடுத்தார். மனைவி சரஸ்வதிபாய் யூனிட்டுக்கே சமைத்துப் போட்டுவிட்டு, ராத்திரி இருட்டறையில் உட்கார்ந்து பிலிமின் ஓரத்தில் துளை போடுவார். நடிகர்களை, யாராவது கேட்டால் 'ஹரிச்சந்திரா ஃபேக்டரியில் வேலை' என்று சொல்லச் சொன்னாராம் பால்கே. சினிமாவில் நடிக்கிறேன் என்றால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதி வேடத்துக்கு விளம்பரம் கொடுத்தும் பெண் கிடைக்கவில்லை. சிவப்பு விளக்குத் தெருவில் போய்க் கேட்டும் பார்த்தார். கடைசியில் கிராண்ட் ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் வேலை பார்த்த சாலுங்கேயைப் பிடித்தார். மாதம் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவருக்குப் பதினைந்து ரூபாய். அதே சாலுங்கே 1917-ல் 'லங்கா தகன்' படத்தில் ராமனாகவும் வந்தார், சீதையாகவும் வந்தார்!

இவர்களெல்லாம் எந்தத் தொழிலிலிருந்து வந்தார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. இயக்குநராகவே வாழ்க்கையைத் தொடங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை, சேர ஆள் இல்லை. மணிலால் ஜோஷி பள்ளிக்கூட வாத்தியார். சந்துலால் ஷா பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். ஹோமி மாஸ்டர் பார்சி நாடக மேடையிலிருந்து வந்தார். கோலாப்பூர் பாபுராவ் பெயிண்டர் நாடகத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்தவர். சொந்தமாகக் கேமராவே செய்துகொண்டார்.

சென்னையில் தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார், மோட்டார் வண்டியும் உதிரி பாகங்களும் விற்றவர். புனாவில் கர்சன் பிரபுவைப் படம்பிடிக்க வந்திருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரக் கேமராமேனிடம் பழகித் தொழில் கற்றார். படத்தைச் சென்னையில் எடுத்துவிட்டு, பிலிம் கழுவ மட்டும் பெங்களூர் போவார். சென்னைச் சூட்டில் பிலிமின் மேல்பூச்சு இளகிவிடும்.

இப்படி வந்ததால் ஒவ்வொருவரும் தன் பழைய தொழிலைப் படத்துக்குள் கொண்டுவந்தார்கள். பெயிண்டர் படங்களில் செட்டும் உடையும் கண்ணைப் பறித்தன. போஸ்டர்கூட அவரே வரைவார். சந்துலால் ஷா சந்தையின் நாடி பார்க்கத் தெரிந்தவர். புராணம் அலுத்துப்போகும் நேரத்தில் டைப்பிஸ்ட் பெண்ணையும் குடும்பப் பெண்ணையும் கதாநாயகியாக்கினார்.

தமிழர் யாராவது பம்பாயில் இயக்குநராக இருந்தார்களா?

இருந்தார். ராஜா சாண்டோ.

புதுக்கோட்டைக்காரர். இயற்பெயர் பி.கே. நாகலிங்கம். கர்லாக்கட்டை, கசரத்து என்று உடம்பை வளர்த்தவர். யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வானின் பெயர் அப்போது உலகம் முழுக்க உடற்பயிற்சிக்காரர்கள் வாயில் இருந்தது. அதையே இவரும் சேர்த்துக்கொண்டார். பம்பாய்க்கு வந்து, 1922 வாக்கில் எஸ்.என். பட்டங்கர் படத்தில் தலைகாட்டி, சில வருடங்களுக்குள் முன்னணி நாயகன் ஆகிவிட்டார். 1926-ல் சந்துலால் ஷாவின் 'டைப்பிஸ்ட் கேர்ள்' படத்தில் அன்றைய நாயகிகள் சுலோசனாவோடும் கோஹரோடும் நடித்தார். அடுத்த வருடம் 'குணசுந்தரி'யில் மறுபடி கோஹருடன். பம்பாய்ப் பெண்கள் அவர் போட்டோவைச் சேர்த்துவைத்த காலம் அது. கேமரா முன்னால் நின்றுகொண்டே பின்னால் நடப்பதையும் கற்றுக்கொண்டு, இங்கேயே இயக்கத்திலும் இறங்கினார்.

அப்புறம்தான் முக்கியமான திருப்பம். சென்னையில் ஆர். பத்மநாபன் அசோசியேட்டட் பிலிம்ஸ் தொடங்கியதும் சாண்டோவை அழைத்தார். 1930-ல் 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்' என்று படங்கள் வந்தன. தெற்கே சமூகக் கதைகளைத் திரைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பாபநாசத்து வக்கீல் கே. சுப்ரமணியம் சினிமா கற்றுக்கொண்டது அந்தக் கம்பெனியில்தான். பிறகு 1934-ல் 'பவளக்கொடி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆக, தாதரில் கற்ற பாடம் இரண்டு கைகள் மாறி பாகவதர் வரைக்கும் போயிருக்கிறது. தமிழ் சினிமா வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பம்பாய்ப் பத்தியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

பேசும் படத்திலும் சாண்டோ நின்றார். 1935-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த 'மேனகா', 1939-ல் பாகவதரின் 'திருநீலகண்டர்' இரண்டும் அவர் இயக்கியவை. 1943-ல் கோவையில் காலமானார். தமிழக அரசு அவர் பெயரில் ஒரு விருது வைத்திருக்கிறது.

இந்தி, குஜராத்தி தெரியாமல் அவர் எப்படிச் சமாளித்தார்?

படத்தில் பேச்சே இல்லையே. கதையை நகர்த்தும் வசனங்களை எழுதி, அட்டையாகப் படம்பிடித்து நடுநடுவே செருகுவார்கள். ஒரே அட்டையில் குஜராத்தி, இந்தி அல்லது உருது, மராத்தி, ஆங்கிலம் என்று மூன்று நான்கு மொழிகள் இருக்கும். சென்னைக்குப் போகிற பிரதியில் தமிழும் தெலுங்கும் சேரும். எழுத்துத் தெரிந்தவர் கொட்டகையில் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

ஷூட்டிங்கில் ஒலிப்பதிவு கிடையாது என்பதால், கேமரா ஓடும்போதே இயக்குநர் கத்திக்கொண்டிருக்கலாம்: "திரும்பு, பார், அழு, இன்னும் அழு." எந்த மொழியில் கத்தினாலும் படத்தில் விழாது. சுலோசனா, யூதக் குடும்பத்தில் பிறந்த ரூபி மையர்ஸ் என்பவர். அவர் ராஜபுத்திர ராணியாகவும் வரலாம், புதுக்கோட்டைக்காரர் குஜராத்தி சேட் வீட்டுப் பிள்ளையாகவும் வரலாம். அந்த இருபது வருடம் போல இந்திய சினிமா எப்போதும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சம்பளம் எப்படி?

பெரும்பாலும் மாதச் சம்பளம். கோஹினூர், இம்பீரியல், ரஞ்சித் போன்ற கம்பெனிகள் நடிகர், இயக்குநர், தச்சர், தையல்காரர் எல்லாரையும் ஆபீஸ் ஊழியர்போல் வைத்திருந்தன. ஒரு படம் முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்க வேண்டும். 'டைப்பிஸ்ட் கேர்ள்' பதினேழே நாளில் முடிந்த படம். பெயர் போஸ்டரில் வரும் என்றாலும், கூட்டம் வந்தது நாயகி பெயருக்குத்தான். சுலோசனாவின் சம்பளம் பம்பாய் கவர்னரின் சம்பளத்தைவிட அதிகம் என்று ஊரில் பேச்சு இருந்தது.

இயக்குநர் வாய்ப்பு வருவதும் சில நேரம் விபத்துதான். 1925-ல் மணிலால் ஜோஷிக்கு உடம்பு முடியாமல் போனதால்தான் சந்துலால் ஷாவுக்கு முதல் படம் கிடைத்தது. நாலே வருடத்தில் கோஹரோடு சேர்ந்து ரஞ்சித் கம்பெனியைத் தொடங்கிவிட்டார்.

ஷூட்டிங் எப்படி நடக்கும்?

வெயிலில். திறந்த மேடையில் செட் போட்டு, மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டி வெயிலை மட்டுப்படுத்துவார்கள். வெள்ளி நிறத் தாள் ஒட்டிய பலகைகளால் முகத்தில் வெளிச்சம் திருப்புவார்கள். வெயில் இறங்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பம்பாய் மழை என்ன செய்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ராத்திரிக் காட்சியும் பகலில்தான். பிரதியை நீலச் சாயத்தில் முக்கினால் ராத்திரி ஆகிவிடும்.

கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டு ஃபிரேம், நொடிக்கு இரண்டு சுற்று. கேமராமேன் மனசுக்குள் தாளம் போட்டுக்கொண்டே சுற்றுவார். சண்டைக் காட்சியில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் பறப்பார்கள். அந்தக் கால பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புப் புடவை கறுப்பாக விழும், குங்குமமும் உதட்டுச் சாயமும் கரியாகத் தெரியும், நீல வானம் வெளுத்துப்போகும். நடிகர்கள் முகத்தில் அவ்வளவு வெள்ளைப் பூச்சு பூசியதற்கு ஒரு காரணம் அது. எந்த நிறம் திரையில் எப்படி வரும் என்று கண்ணாலேயே கணக்குப் போடத் தெரிந்தவர்தான் அன்றைக்கு நல்ல இயக்குநர்.

'ராஜா ஹரிச்சந்திரா' நாற்பது நிமிடப் படம் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம் 3700 அடி. ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் என்பது பேசும் படத்தின் வேகம். அதில் ஓட்டினால் 41 நிமிடம் வரும். மௌனப் பட வேகமான 16-ல் ஓட்டினால் நொடிக்கு ஓர் அடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேலே. பழைய படங்களில் ஆட்கள் தத்தித்தத்தி ஓடுவதுபோல் தெரிவதும் இதனால்தான். அவர்கள் ஒழுங்காகத்தான் நடந்தார்கள்.

பெண் இயக்குநர்கள் உண்டா?

பாத்மா பேகம். 1922-ல் 'வீர் அபிமன்யு'வில் நடிக்க வந்தார். நாலு வருடத்தில் சொந்தக் கம்பெனி தொடங்கி 1926-ல் 'புல்புல்-ஏ-பரிஸ்தான்' என்ற மாயாஜாலப் படத்தை இயக்கினார். இந்தியாவின் முதல் பெண் இயக்குநர். படத்தின் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அவர் மகள் ஜுபைதாதான் 'ஆலம் ஆரா'வின் நாயகி.

தமிழில் அந்த இடம் டி.பி. ராஜலக்ஷ்மிக்கு. ஊமைப் படத்தில் நடிக்கத் தொடங்கி, 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' நாயகியாகி, 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கினார்.

அரசாங்கத் தொல்லை இருந்ததா?

இருந்தது. 1921-ல் கோஹினூருக்காகக் காஞ்சிபாய் ராத்தோட் 'பக்த விதுரர்' எடுத்தார். மகாபாரதக் கதைதான். ஆனால் விதுரர் கதர்க் குல்லாயோடு காந்தியைப்போலவே வந்தார். வேடம் போட்டது கம்பெனி முதலாளி துவாரகாதாஸ் சம்பத். சென்னையிலும் கராச்சியிலும் தடை. பம்பாய் ஜனங்கள் முண்டியடித்துப் பார்த்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ராத்தோட் அன்றைக்கு இந்தியாவின் பரபரப்பான இயக்குநர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1927-ல் சினிமாவை ஆராய அரசு ஒரு குழு போட்டது. தலைவர் நம் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகப் போய் 353 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள், பால்கே உட்பட. மௌனப் படக்காரர்கள் தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே பேசியது இவ்வளவு விரிவாக வேறு எங்கும் கிடைக்காது.

பேசும் படம் வந்ததும் இவர்கள் என்ன ஆனார்கள்?

  முதல் அடி விழுந்தது மொழியில். சுலோசனாவே இந்தி கற்றுக்கொள்ள வேலையை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது அடி பணம். மைக், ஒலிப்பதிவு இயந்திரம், சத்தம் புகாத ஸ்டூடியோ எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். ரயில் பாதையை ஒட்டியிருந்த இம்பீரியல் ஸ்டூடியோவில் ரயில் சத்தம் அடங்கிய ராத்திரியில்தான் 'ஆலம் ஆரா' எடுக்க முடிந்தது. 'காளிதாஸ்' படத்தையும் அங்கேதான் எச்.எம். ரெட்டி இயக்கினார். சென்னையில் ஒலி ஸ்டூடியோ வரும்வரை, 1934 வரைக்கும், தமிழ்ப் பேசும் படம் எடுக்கப் பம்பாய்க்கோ கோலாப்பூருக்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேற வேண்டும். அந்த முதல் ஸ்டூடியோவைச் சென்னையில் நிறுவிய ஏ. நாராயணனும் மௌனப் பட இயக்குநர்தான்.

கோலாப்பூரில் பெயிண்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்த சாந்தாராம் ஒலியை மிகச் சுலபமாகத் தாண்டினார். இம்பீரியலில் துணை நடிகராக நின்ற மெஹபூப் கான் பின்னால் பெரிய இயக்குநர் ஆனார். பால்கேயோ 1937-ல் 'கங்காவதரண்' என்ற ஒரே பேசும் படத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

பலருக்கு நன்றாக இல்லை. பால்கே 1944-ல் நாசிக்கில் இறந்தபோது ஊர் அவரை மறந்திருந்தது. அவர் பெயரில் விருது வந்தது 1969-ல். சந்துலால் ஷா பருத்திச் சூதாட்டத்திலும் குதிரைப் பந்தயத்திலும் எல்லாவற்றையும் விட்டு, 1975-ல் ஒன்றுமில்லாமல் போனார். நடராஜ முதலியார் ஸ்டூடியோ தீப்பிடித்து, மகனும் இறந்துபோக, 1923 வாக்கில் சினிமாவையே விட்டார். அதற்குப் பிறகும் 1971 வரை இருந்தார்.

ஜே.சி. டேனியல் கதை இன்னும் கசப்பு. கன்னியாகுமரிப் பக்கம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். சென்னையில் ஸ்டூடியோவுக்குள் விடவில்லை என்று பம்பாய்க்கு வந்து, வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்து பார்த்துக் கற்றார் என்பார்கள். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'விகதகுமாரன்' எடுத்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தது பொறுக்காமல் கலாட்டா செய்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது. டேனியல் கடனாளியாகி, பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்து, அவரும் 1975-ல்தான் போனார். மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று அவர் பெயரில் கேரள அரசு விருது கொடுக்கிறது.

இந்தப் படங்களை இப்போது பார்க்க முடியுமா?

இந்தியாவில் ஏறத்தாழ 1300 மௌனப் படங்கள் எடுத்தார்கள். முழுசாகவும் துண்டாகவும் மிஞ்சியவை முப்பதுக்குள். நைட்ரேட் பிலிம் எளிதில் பற்றிக்கொள்ளும், பற்றாவிட்டால் தானே மக்கும். அதிலுள்ள வெள்ளிக்காக விற்றுக் கரைத்தவர்களும் உண்டு. 1964-ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்து, பி.கே. நாயர் தேடிச் சேர்த்ததால் இவ்வளவாவது இருக்கிறது. பால்கேயின் 'காளிய மர்தன்' அதில் பெரும் பகுதி கிடைத்திருக்கிறது. கிருஷ்ணனாக வருவது அவர் மகள் மந்தாகினி. முதலில் அதைப் பாருங்கள். 'மார்த்தாண்ட வர்மா' தப்பித்தது வழக்கால். நாவலின் உரிமையைக் கேட்டுப் பதிப்பாளர் கோர்ட்டுக்குப் போனதால் பிரதி முடங்கிக் கிடந்து, பின்னாளில் காப்பகத்துக்குப் போனது. ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும்.

மும்பையில் எங்கே போய்ப் பார்க்கலாம்?

கட்டடங்களை எதிர்பார்க்காதீர்கள். 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியான கிர்காம் கோரனேஷன் இல்லை, மெஜஸ்டிக் தியேட்டர் இல்லை. கென்னடி பாலத்தடியில் நின்றால் இம்பீரியல் இருந்த இடத்தை ஊகிக்கலாம், ரயில் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. பால்கே ரோட்டில் பெயர்ப்பலகையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. குழந்தைகளைக் கூட்டிப்போவதானால் பெடர் ரோட்டில், குல்ஷன் மஹாலில் இருக்கும் இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகம்தான் நல்லது. 2019-ல் திறந்தார்கள். மௌனப் படத்துக்குத் தனிப் பகுதி உண்டு. திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.